ஃபென்-ஃபென்: சில வாரங்களுக்கென்று தரப்பட்ட இரண்டு மாத்திரைகள்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஃபார்கோ நகரில், இதய எக்கோ எடுக்கும் தொழில்நுட்பர் ஒருவர், 1990-களின் நடுப்பகுதியில் தம் திரையில் தென்பட்ட சில படங்களைக் கண்டு குழம்பினார். படுக்கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதுப் பெண்கள்; அதுவரை இதய நோய் எதுவும் இல்லாதவர்கள். ஆனால் அவர்களுடைய வால்வுகளின் இதழ்கள் தடித்து விறைத்திருந்தன. முழுதாக மூட முடியாததால் இரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. சிறுவயதில் முடக்குக் காய்ச்சல் வந்து வால்வு பழுதானவர்களிடம் காணும் தோற்றத்தோடு இது முழுதாக ஒத்துப்போகவில்லை. குடலில் தோன்றும் ‘கார்சினாய்டு’ என்ற அரிய கட்டியால், நரம்புகளிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் மிகையாகச் சுரப்பவர்களிடமும், ஒற்றைத் தலைவலிக்கு எர்கோட்டமைன் மாத்திரையை நெடுங்காலம் சாப்பிட்டவர்களிடமும்தான் இதைப் போன்ற வால்வுகளை மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். இந்தப் பெண்களுக்கு அந்த இரண்டும் இல்லை. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: எடை குறைப்பதற்காக மருத்துவர் சீட்டில் எழுதித் தந்த ஃபென்ஃப்ளூரமைன், ஃபென்டர்மைன் என்ற இரண்டு மாத்திரைகள்; சேர்த்துச் சொன்னால் ‘ஃபென்-ஃபென்’. தொழில்நுட்பர் அவர்களின் விவரங்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார்.

இரண்டும் கள்ளச் சந்தையில் வந்தவை அல்ல. அரசின் அங்கீகாரம் பெற்று, பல்லாண்டுகளாக மருந்துக் கடைகளில் இருந்தவை. மருத்துவரைப் பார்க்காமல் இவற்றை வாங்கவும் முடியாது. அப்படியிருந்தும் பல லட்சம் பேர் உட்கொண்ட பிறகே அவற்றுள் ஒன்றின் தீங்கு வெளியில் தெரிந்தது. எடைக் குறைப்பு மாத்திரை ஒன்றைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது என்றால் எவற்றையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது என்பதால், பழைய கதைதான் என்றாலும் அதை விரிவாகவே பார்க்கலாம்.

ஃபென்டர்மைன் 1959-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆம்ஃபெட்டமைனுக்கு வேதியியல் உறவு கொண்டது; நார்அட்ரினலினைத் தூண்டிப் பசியை மட்டுப்படுத்துவது. வாய் உலர்தல், தூக்கமின்மை, படபடப்பு ஆகியவை இதன் வழக்கமான தொல்லைகள். ஃபென்ஃப்ளூரமைன் 1973-இல் ‘பாண்டிமின்’ என்ற பெயரில் அங்கு விற்பனைக்கு வந்தது. இதுவும் வேதியியலில் அதே குடும்பம்தான் என்றாலும் உடலில் இது செய்யும் வேலை வேறு. நரம்பு முனைகளிலிருந்து செரோட்டோனினை வெளிவிடச் செய்து, சாப்பிட்டது போதும் என்ற நிறைவைக் கொடுக்கும். கூடவே மந்தமும் தூக்கக் கலக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். எடைக் குறைப்புக்கென்று இரண்டுக்கும் தரப்பட்ட அனுமதி குறுகிய காலத்துக்கானது. மருந்து விளக்கத்தாளில் இருந்த சொற்கள் ‘சில வாரங்கள்’ என்பவை. அந்தச் சில வாரங்களில் ஓரளவு எடை குறையும், மருந்தை நிறுத்தினால் திரும்ப ஏறும் என்பதால், இருபது ஆண்டுகளாக இரண்டுமே சுமாரான மருந்துகள் என்ற பெயரோடு ஓரமாகக் கிடந்தன.

இந்த நிலையை மாற்றியவர் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருந்தியலாளர் மைக்கேல் வைன்ட்ராப். ஒரு மாத்திரை மந்தத்தைத் தருகிறது, மற்றொன்று விழிப்பைத் தருகிறது. இரண்டையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் தொல்லைகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும், பலன்கள் கூடும் என்பது அவருடைய எண்ணம். 121 பேரைச் சேர்த்து, உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, நடத்தைப் பயிற்சி ஆகியவற்றோடு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் ஃபென்ஃப்ளூரமைனும் 15 மில்லிகிராம் ஃபென்டர்மைனும் கொடுத்துப் பார்த்தார். 34 வாரங்களின் முடிவில் மருந்து பெற்றவர்கள் சராசரியாக 14.2 கிலோ குறைந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்கள் 4.6 கிலோ குறைந்திருந்தார்கள். ஆய்வு பல கட்டங்களாக ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீண்டது. முடிவுகள் 1992-இல் வெளியாயின.

இந்த ஆய்வில் குறை காண்பது இன்று எளிது. ஆனால் உடல் பருமனை ஒரு நீண்டகால நோயாகக் கருதி, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுப்பதுபோல் அதற்கும் தொடர்ந்து மருந்து கொடுக்க வேண்டும் என்ற அதன் அடிப்படைச் சிந்தனை சரியானதே. இன்றைய மருத்துவம் அதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. 121 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு, பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை சொல்லலாம். தீங்கு இல்லை என்று சொல்ல அதனால் முடியாது. தீங்கு எங்கே வரும் என்று தெரியாதபோது அதைத் தேடவும் முடியாது. இதய வால்வுகளை எக்கோவில் பார்க்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. தவிர, இந்தக் கூட்டுச் சிகிச்சைக்கு எஃப்.டி.ஏ. என்னும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒருபோதும் அங்கீகாரம் தந்ததில்லை, யாரும் விண்ணப்பிக்கவுமில்லை. தனித்தனியே அங்கீகாரம் பெற்ற இரண்டு மருந்துகளைச் சேர்த்து எழுதுவதற்கு அந்நாட்டு மருத்துவருக்கு உரிமை உண்டு என்பதால், அப்படி விண்ணப்பிக்க வேண்டிய கட்டாயமும் எழவில்லை.

அடுத்த நான்கு ஆண்டுகளில் ‘ஃபென்-ஃபென்’ ஒரு பேச்சுவழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. இந்த மாத்திரைகளை எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எடைக் குறைப்பு மையங்கள் அமெரிக்க நகரங்களில் பெருகின. 1996-இல் மட்டும் இந்த இரண்டு மருந்துகளுக்கும் எழுதப்பட்ட சீட்டுகள் 1 கோடியே 80 லட்சத்தைத் தாண்டின. ஆய்வில் இருந்த உணவுத் திட்டமும் உடற்பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் பல மையங்களில் வெறும் பெயரளவுக்குச் சுருங்கின. மாத்திரை மட்டும் மிஞ்சியது. பருமன் என்னும் வரையறைக்குள் வராதவர்களும், திருமணத்துக்கு முன் சில கிலோ குறைந்தால் போதும் என்று வந்தவர்களும் அதைப் பெற்றார்கள். சில வாரங்களுக்கான மருந்து பல மாதங்களுக்குத் தொடர்ந்தது.

அதே 1996-இன் ஏப்ரலில் ஃபென்ஃப்ளூரமைனில் கலந்திருக்கும் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் ஒன்றான டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமைன் ‘ரிடக்ஸ்’ என்ற பெயரில் அங்கீகாரம் பெற்றது. எடைக் குறைப்புக்காக நீண்டகாலம் உட்கொள்ளலாம் என்ற அனுமதியோடு வந்த மாத்திரை இது. எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு முதல் கூட்டத்தில் இதன் பாதுகாப்பை ஏற்கவில்லை. 1995 நவம்பரில் கூடிய இரண்டாவது கூட்டத்தில் 6-க்கு 5 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில்தான் ஆதரவு கிடைத்தது. அங்கே எழுந்த அச்சங்கள் இரண்டு: விலங்குகளின் மூளை நரம்புகளில் காணப்பட்ட மாற்றங்கள், நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறும் அரிய நோய். வால்வு பற்றி அந்தக் கூட்டத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

நுரையீரல் பற்றிய அச்சத்துக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு இருந்தது. 1965-இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் ‘அமினோரெக்ஸ்’ என்ற பசியடக்கி மாத்திரை விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த நாடுகளின் மருத்துவமனைகள், நுரையீரல் தமனி மிகை அழுத்த நோய் வழக்கத்தைவிடப் பல மடங்கு கூடியிருப்பதைக் கண்டன. 1968-இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது; நோயாளிகளின் எண்ணிக்கையும் மெல்ல இறங்கியது. பசியை அடக்கும் ஒரு மாத்திரை நுரையீரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கித் தடிக்கச் செய்யும் என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டாயிற்று.

அந்தப் பாடத்தை உறுதிசெய்யும் பெரிய ஆய்வு, ரிடக்ஸ் கடைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1996 ஆகஸ்ட் இறுதியில் வெளியாயிற்று. பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன், நெதர்லாந்து நாடுகளில் இந்த நோய் வந்த 95 பேரையும் நோயில்லாத 355 பேரையும் ஒப்பிட்ட அந்த ஆய்வு, பசியடக்கி மாத்திரைகளை மூன்று மாதங்களுக்கு மேல் உட்கொண்டவர்களுக்கு ஆபத்து சுமார் 23 மடங்கு என்று சொன்னது. அவர்கள் உட்கொண்டவை பெரும்பாலும் ஃபென்ஃப்ளூரமைன் வகைகளே. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு வரும் நோய் என்பதால், 23 மடங்கு ஆனாலும் எண்ணிக்கையில் அது சிறியதே என்று ஒரு கணக்கு உடனே முன்வைக்கப்பட்டது. ஆய்வை வெளியிட்ட ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழிலேயே, பருமனால் வரும் சாவுகளோடு ஒப்பிட்டால் மருந்தின் நன்மையே மிகுதி என்று வாதிடும் தலையங்கம் ஒன்றும் இடம்பெற்றது. அதை எழுதியவர்களுக்கு மருந்து நிறுவனங்களோடு ஆலோசகர் தொடர்பு இருந்தது பின்னர் தெரியவந்து, இதழின் ஆசிரியர்களே அதைக் கண்டித்து எழுத நேர்ந்தது. ஆனால் அந்தக் கணக்கில் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பருமனால் சாவை எதிர்நோக்கும் ஒருவருக்கு மாத்திரையின் நன்மை தீமைகளை நிறுக்கும் தராசில், ஐந்து கிலோ குறைய விரும்பும் ஆரோக்கியமான பெண்ணையும் ஏற்றி நிறுத்த முடியாது. ஆபத்து இருவருக்கும் ஒன்றே, நன்மை ஒன்றல்ல. 29 வயதுப் பெண் ஒருவர் இந்த இரண்டு மாத்திரைகளையும் 23 நாட்களே உட்கொண்டு, நுரையீரல் தமனி மிகை அழுத்தத்தால் இறந்துபோன நிகழ்வு அடுத்த ஆண்டு அதே இதழில் பதிவாயிற்று.

ஃபார்கோவில் சேர்ந்த விவரங்கள், அங்கிருந்த இதய மருத்துவர் வழியாக மின்னசோட்டா மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரில் உள்ள மேயோ மருத்துவமனையை எட்டின. (மருந்துக் கூட்டின் பலன் கண்டறியப்பட்ட ஊருக்கும் தீங்கு வெளிவந்த ஊருக்கும் ஒரே பெயர் என்பது தற்செயல்தான்.) மேயோவின் இதய மருத்துவர் ஹைடி கானலியிடமும் இதே போன்ற நோயாளி வந்திருந்தார், அறுவை சிகிச்சையில் வெளியே எடுத்த வால்வின் மீது வெண்ணிறமாகப் பளபளக்கும் ஒரு படலம் போர்த்தியிருந்ததை அவர் அறிந்திருந்தார். இரு ஊர்களின் விவரங்களையும் சேர்த்தபோது 24 பெண்கள் கணக்கில் வந்தார்கள். சராசரி வயது 44. மாத்திரை உட்கொண்ட காலம் சராசரியாக ஓராண்டு. எட்டுப் பேருக்கு நுரையீரல் தமனி அழுத்தமும் ஏறியிருந்தது. ஐந்து பேருக்கு அதற்குள் வால்வு அறுவை சிகிச்சையே தேவைப்பட்டுவிட்டது. 1997 ஜூலை 8 அன்று மேயோவும் எஃப்.டி.ஏ.வும் இதைப் பொதுவில் அறிவித்தன. முழு அறிக்கை ஆகஸ்ட் 28 அன்று அதே நியூ இங்கிலாந்து இதழில் வெளியாயிற்று.

24 பேர் என்பது, கோடிக்கணக்கில் சீட்டு எழுதப்பட்ட மருந்துக்குச் சிறிய எண்ணிக்கை. ஆகவே அடுத்த கேள்வி, அறிகுறி எதுவும் இல்லாமல் மாத்திரை உட்கொள்கிறவர்களின் வால்வு எப்படி இருக்கிறது என்பது. ஐந்து இடங்களிலிருந்து, அப்படிப்பட்ட 291 பேரின் எக்கோ முடிவுகள் எஃப்.டி.ஏ.வுக்கு வந்தன. ஏறத்தாழ 30 விழுக்காட்டினரிடம் வால்வுக் கசிவு இருந்தது; பெரும்பாலும் பெருந்தமனி வால்வில். இதன் பின்னர் தாமதிக்க வழியில்லை. 1997 செப்டம்பர் 15 அன்று ஃபென்ஃப்ளூரமைனும் டெக்ஸ்ஃபென்ஃப்ளூரமைனும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. உற்பத்தி நிறுவனமான அமெரிக்கன் ஹோம் புராடக்ட்ஸ் ஒப்புக்கொண்ட கூட்டு வழக்குத் தீர்வின் தொகை 375 கோடி டாலர்; அதற்கு வெளியே நடந்த வழக்குகளில் கொடுத்தது அதைவிடப் பன்மடங்கு.

தீங்கு ஏன் இவ்வளவு காலம் கண்ணில் படவில்லை என்பதே இந்த நிகழ்வில் நான் மிகவும் முக்கியமாகக் கருதும் பகுதி. அமினோரெக்ஸின் கதையில் நோய் அரிது. திடீரென்று கூடியது உறுத்தியது. வால்வுக் கசிவோ பரவலாகக் காணப்படும் கோளாறு; லேசான கசிவு ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கும். அதன் முதல் அறிகுறி, படியேறினால் மூச்சு வாங்குவது. உடல் பருத்தவர் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், கேட்கும் மருத்துவரின் மனத்தில் எடைதான் முதலில் நிற்கும். சொல்பவருக்கே அப்படித்தான் தோன்றும். பருத்த மார்பின் வழியாக ஸ்டெதஸ்கோப்பில் கசிவின் முணுமுணுப்பு கேட்பதும் எளிதல்ல. ஆக, எந்த உடல் நிலைக்காக மருந்து தரப்பட்டதோ அந்த நிலையே மருந்தின் தீங்கை மறைத்துக் கொண்டது. இதோடு, மருந்தால் விளையும் கோளாறுகளை மருத்துவர்கள் தாமாக எழுதி அனுப்பினால்தான் எஃப்.டி.ஏ.வுக்குத் தெரியும் என்ற முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐயமே எழாத ஒன்றை யாரும் எழுதி அனுப்புவதில்லை. ஒரே அறையில் உட்கார்ந்து, வேறு வேறு மருத்துவர்கள் அனுப்பிய நோயாளிகளின் இதயங்களை நாள்தோறும் பார்த்த ஒருவருக்கு மட்டுமே அந்த ஒற்றுமை புலப்பட்டது வியப்பல்ல.

30 விழுக்காடு என்ற எண்ணையும் அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அந்த 291 பேருக்கு எதிரே, மாத்திரை உட்கொள்ளாத ஒப்பீட்டுக் குழு இல்லை. கசிவு கண்டவர்களில் பலருக்கு அது லேசானதே. 1998-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வுகள் படத்தைத் தெளிவாக்கின. பிரிட்டனின் பொது மருத்துவப் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வில், வெளிப்படையான வால்வு நோய் என்று மருத்துவரே கண்டறிந்த நிலை, நான்கு மாதங்களுக்குக் குறைவாக உட்கொண்டவர்களில் ஐந்தாண்டுகளில் பத்தாயிரம் பேருக்கு சுமார் 7 என்றும், நான்கு மாதங்களும் அதற்கு மேலும் உட்கொண்டவர்களில் 35 என்றும் கணக்கிடப்பட்டது. ஃபென்டர்மைனை மட்டும் உட்கொண்ட 862 பேரில் ஒருவருக்கும் அது வரவில்லை. எக்கோ காட்டும் லேசான கசிவும் நோயாக முற்றிய கசிவும் வேறு வேறு என்பதால் இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஆனால் இரண்டாவது ஆய்வு சொன்ன செய்தி கூர்மையானது: ஆபத்து காலத்தோடு வளர்கிறது. மருந்து விளக்கத்தாளில் இருந்த ‘சில வாரங்கள்’ என்ற சொற்களை எழுதியவர்களுக்கு வால்வைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. இருந்தாலும் அந்தச் சொற்களுக்குள் நின்றவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள். அவற்றைத் தாண்டியவர்களே மாட்டிக்கொண்டார்கள். மருந்தை நிறுத்திய பின் பலருக்குக் கசிவு மேற்கொண்டு முற்றாமல் நின்றது, சிலருக்குக் குறைந்தும் போனது என்பது ஆறுதலான செய்தி.

காரணம் 2000-ஆம் ஆண்டில் விளங்கிற்று. கல்லீரல் ஃபென்ஃப்ளூரமைனைச் சிதைத்து நார்ஃபென்ஃப்ளூரமைனாக மாற்றுகிறது. செரோட்டோனின் வந்து ஒட்டிச் செல்லைத் தூண்டும் இடங்களான ஏற்பிகள் உடலில் பல வகை உண்டு. நார்ஃபென்ஃப்ளூரமைன் அவற்றுள் ‘2பி’ என்ற வகையைத் திறம்படத் தூண்டுகிறது. இந்த ஏற்பி இதய வால்வின் இதழ்களில் இருக்கிறது. தூண்டப்படும்போது அங்குள்ள செல்களைப் பெருகச் சொல்கிறது. பசியை அடக்குவது மூளையில் உள்ள ‘2சி’ ஏற்பி. ஒரே மூலக்கூறு இரண்டு பூட்டுகளையும் திறந்துவிட்டது. கார்சினாய்டு நோயாளியின் வால்வையும் எர்கோட்டமைன் சாப்பிட்டவரின் வால்வையும் ஃபார்கோ பெண்களின் வால்வையும் ஒரே மாதிரி ஆக்கியது எது என்ற கேள்விக்கும் இதுவே விடை. புதிதாக வரும் எந்த மருந்தும் 2பி ஏற்பியைத் தொடுகிறதா என்று தொடக்கத்திலேயே சோதிக்கும் வழக்கம் இதிலிருந்தே வந்தது.

இவ்வளவு தெரிந்த பிறகும் பிரான்சில் நடந்ததை எப்படிச் சொல்வது? ஃபென்ஃப்ளூரமைனை உருவாக்கிய செர்வியே நிறுவனம், 1976 முதல் ‘மெடியேட்டர்’ என்ற பெயரில் பென்ஃப்ளூரெக்ஸ் மாத்திரையை விற்றுவந்தது. அனுமதியின்படி அது நீரிழிவு நோயாளிகளுக்கும் இரத்தக் கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் உரியது. வழக்கத்திலோ பசியைக் குறைக்க எழுதப்பட்டது. உடலுக்குள் போனதும் அதுவும் நார்ஃபென்ஃப்ளூரமைனாகவே மாறும். 1997-இல் ஃபென்ஃப்ளூரமைன் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, வேறு பெயரும் வேறு வகைப்பாடும் கொண்டிருந்த ஒரே காரணத்தால் மெடியேட்டர் தங்கிவிட்டது. பிரெஸ்ட் நகரின் நுரையீரல் மருத்துவர் ஐரீன் ஃப்ராஷோன் வால்வு பழுதானவர்களின் விவரங்களைத் திரட்டிப் போராடியதன் பின்னர், 2009 இறுதியில்தான் அது சந்தையை விட்டு நீங்கியது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் நிறுவனத்தைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மாத்திரை அட்டையில் அச்சிட்டிருக்கும் வணிகப் பெயரைப் பார்ப்பதோடு நிற்காமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைக் கேட்டறிய வேண்டும் என்று நோயாளிகளிடம் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

அமெரிக்காவில் பாடம் கற்றார்கள். ஆனால் கற்ற பாடம் போன போரைப் பற்றியது. 2பி ஏற்பியைத் தவிர்த்து 2சி ஏற்பியை மட்டும் தூண்டுமாறு வடிவமைக்கப்பட்ட லார்காசெரின் என்ற மாத்திரை 2012-இல் அங்கீகாரம் பெற்றது. அதன் ஆய்வுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு எக்கோ எடுத்து வால்வைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார்கள். இதயத்துக்குத் தீங்கு உண்டா என்று அறிய, எஃப்.டி.ஏ. கேட்டபடி சுமார் 12,000 பேரிடம் பெரிய ஆய்வும் நடந்தது. இதயம் தேறியது. ஆனால் அதே ஆய்வின் தரவில், மருந்து பெற்றவர்களில் 7.7 விழுக்காட்டினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 7.1 விழுக்காட்டினருக்கும் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. வேறுபாடு சிறிது, ஐந்தாண்டுகள் கவனித்திராவிட்டால் தெரிந்திராது. 2020 பிப்ரவரியில் அந்த மருந்தும் திரும்பப் பெறப்பட்டது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. தீங்கு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஆனால் அது ஒரு தொழில்நுட்பரின் குறிப்பேட்டில் தற்செயலாகச் சிக்கவில்லை, அதற்கென்று போட்ட வலையில் சிக்கியது.

ஃபென்-ஃபென்னில் எஞ்சிய பாதியான ஃபென்டர்மைன் இன்றும் அமெரிக்காவில் எழுதப்படுகிறது. இதய நோய், மிகைத் தைராய்டு, கண் அழுத்த நோய் ஆகியவை உள்ளவர்களும், கருவுற்றவர்களும், பாலூட்டும் தாய்மாரும் அதை உட்கொள்ளக் கூடாது, ‘எம்.ஏ.ஓ.’ தடுப்பான் என்ற மனச்சோர்வு மருந்து வகையை நிறுத்தி 14 நாட்கள் ஆகாதவர்களும் அப்படியே. 2012-இல் அது டோபிராமேட் என்ற வலிப்பு மருந்தோடு சேர்த்து ஒரே மாத்திரையாக, நீண்டகாலப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்றது. இந்த இணைப்பின் விளக்கத்தாளைப் படிப்பவர், முந்தைய இணைப்பில் இல்லாதவை என்னென்ன என்று வரிக்கு வரி உணரலாம். முதல் 14 நாட்கள் மிகக் குறைந்த அளவு. பிறகு அடுத்த அளவில் 12 வாரங்கள். அதற்குள் தொடக்க எடையில் 3 விழுக்காடுகூடக் குறையவில்லை என்றால் நிறுத்த வேண்டும், அல்லது அளவைக் கூட்ட வேண்டும். கூட்டிய பின் மேலும் 12 வாரங்களில் 5 விழுக்காடு குறையவில்லை என்றால் கட்டாயம் நிறுத்த வேண்டும். நிறுத்துவதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. வலிப்பு வரக்கூடும் என்பதால், உச்ச அளவில் இருப்பவர் குறைந்தது ஒரு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கொண்டு, பிறகே விட வேண்டும். டோபிராமேட் கருவில் உதடு, அண்ணப் பிளவுகளை உண்டாக்கக்கூடியது என்பதால், கருத்தரிக்கும் வயதில் உள்ள பெண்களுக்குத் தொடங்கும் முன்னும் பிறகு மாதந்தோறும் கர்ப்பப் பரிசோதனை.

இவற்றுள் பலனில்லாவிட்டால் நிறுத்து என்ற விதியே எனக்கு முதன்மையானதாகத் தெரிகிறது. பலன் தரும் மருந்தின் ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கலாம். பலனே தராத மருந்துக்குத் தராசில் ஒரு தட்டுதான் உண்டு. ஃபென்-ஃபென் காலத்து மையங்களில் எடை குறையாதவருக்கு நடந்தது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: இன்னொரு மாதத்துக்கான சீட்டு. நோயாளியின் பக்கமிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். மூச்சு வாங்குதல், கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு, முன்பு எளிதாகச் செய்த வேலையில் களைப்பு ஆகியவற்றை ‘எடையால் வருவது’ என்று தாமே முடிவுகட்டிவிடாமல், மாத்திரை தொடங்கிய தேதியோடு சேர்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடை குறைந்துகொண்டே வரும்போது மூச்சு மட்டும் கூடுதலாக வாங்குகிறது என்றால், அதற்குக் காரணம் எடையாக இருக்க முடியாது.

திரும்பப் பெறப்பட்ட ஃபென்ஃப்ளூரமைனின் கதை அங்கே முடியவில்லை. குழந்தைகளுக்கு வரும் ‘டிராவே’ என்ற கடுமையான வலிப்பு நோய்க்கு அது உதவுவதைக் கவனித்திருந்த பெல்ஜியம் மருத்துவர்கள், அரசின் தனி அனுமதியோடு, மிகச் சில நோயாளிகளுக்கு மட்டும் அதைத் தொடர்ந்து கொடுத்து, வால்வுகளையும் தொடர்ந்து எக்கோவில் பார்த்துவந்தார்கள். அந்தச் சிறு குழுவின் அனுபவத்திலிருந்து பெரிய ஆய்வுகள் எழுந்தன. 2020 ஜூனில், 23 ஆண்டுகளுக்குப் பின், எஃப்.டி.ஏ. அதே மருந்தை வாய்வழித் திரவமாக, டிராவே நோய்க்கு அனுமதித்தது. எடைக் குறைப்புக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராமும் அதற்கு மேலும் கொடுக்கப்பட்ட மருந்தின் உச்ச அளவு இப்போது 26 மில்லிகிராம். 2020-இன் அனுமதிப்படி, மருத்துவரும் மருந்தகமும் நோயாளியும் தனித் திட்டம் ஒன்றில் பதிவு செய்திருந்தால்தான் அது கையில் கிடைக்கும். முதல் வேளை மருந்துக்கு முன் ஓர் எக்கோ. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கடைசி வேளை மருந்துக்குப் பின், மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் இன்னும் ஒன்று.